மூப்பர் மலையேறிய கதை

எங்கள் தோல் தொழிற்சாலையில் ஒரு ஸ்காட்லாந்து துரை இருந்தார். அவருடைய ஊரில் சனிக்கிழமை வந்தால் பெரிய மனிதர்களெல்லாம் சங்கமாகச் சேர்ந்து மலைமேல் ஏறுவார்களாம், மழையில் நனைவார்களாம், கூடாரத்தில் படுத்துவிட்டு மறுநாள் இறங்கி வருவார்களாம். எதற்கு என்று கேட்டால் எதற்குமில்லையாம். சாமி கும்பிட இல்லை, விறகு பொறுக்க இல்லை, காணாமல் போன மாட்டைத் தேடவும் இல்லை. இதை எங்கள் வேதக்கோயில் சபை மூப்பரிடம் துரை ஒருநாள் டீ குடிக்கும்போது சொல்லித் தொலைத்தார். அடுத்த ஞாயிறே ஆராதனை முடிந்ததும் மூப்பர் எழுந்து, ஆம்பூரில் மலையேறும் சங்கம் ஒன்று உதயமாகிவிட்டது, தாமே அதன் தலைவர் என்று அறிவித்துவிட்டார்.

மூப்பர் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரும்கூட. கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, குடை. சித்திரை வெயிலிலும் இவை இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அவருக்கு ஒரே பெண், வேலூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டுமென்று எனக்கு ஆசை. சாதாரண ஆசை இல்லை, சோறு இறங்காத ஆசை. அவளுக்கும் இஷ்டம்தான், லீவில் வரும்போதெல்லாம் கோயிலில் பாட்டுப் புத்தகத்துக்கு மேலாக என்னைப் பார்ப்பாள். என் குணத்தில் மூப்பர் குறை சொல்லவில்லை, படிப்பிலும் சொல்லவில்லை. "பையன் நல்ல பையன்தான், ஆனா பக்கத்துல நிக்க முடியலியே" என்று என் சித்தப்பாவிடம் சொல்லி அனுப்பிவிட்டார்.

பொய் சொல்வானேன், அவர் சொன்னது நிஜம். சுண்ணாம்புக் குழியும் ஆவாரம்பட்டைத் தண்ணீரும் பச்சைத் தோலும் சேர்ந்த அந்த நாற்றம், என்னைப் போல் ஆபீசில் உட்கார்ந்து கணக்கெழுதுகிறவனையும் விடாது. நாள் பூராவும் அதிலேயே கிடக்கிற எங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். எப்படியாவது அவர் மனதை மாற்றியாக வேண்டும் என்றுதான் நானும் சங்கத்தில் சேர்ந்தேன். ஏலகிரிக்குப் போவதாக முடிவான சனிக்கிழமை காலையில் சீயக்காய் போட்டு உடம்பெல்லாம் எரிய எரியத் தேய்த்துக் குளித்தேன். ஆபீஸ் தோஸ்த் ஒருவர் ரோஜா அத்தர் கொடுத்தார். "ஒரு சொட்டு போதும் பாய், ஜாஸ்தி வேணாம்" என்றார். நான் குப்பியைக் கவிழ்த்துக்கொண்டேன்.

மலையடிவாரத்துக்கு வந்து பார்த்தால் மூப்பரும் நானும்தான் சங்கம். ஒருவருக்குக் காலில் முள், ஒருவருக்கு மாமியார் வருகை. சங்கத்துக்கே காரணமான துரை, வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊட்டிக்கு ரயில் ஏறிவிட்டாராம். மூப்பர் என் அருகே வந்தார், மூக்கைச் சுளித்தார். "இன்னா தம்பி இது, பொணத்துமேல பூவக் கொட்டன மாதிரி? முன்னல்லாம் ஒரு நாத்தம்தான் இருந்துச்சி" என்றார். விரலை எச்சில் பண்ணித் தூக்கிப் பிடித்து, காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, என்னை நன்றாகத் தள்ளிப் பின்னால் வரச் சொன்னார். என் கல்யாணம் அந்த இடத்திலேயே முடிந்துபோனதாக நினைத்துக்கொண்டு, இருவருடைய படுக்கை மூட்டையையும் தூக்கிக்கொண்டு நடந்தேன். அழுகை வந்தது.

பொழுது சாய, மேலே ஒரு மலைக்கிராமத்தை நெருங்கினோம். ஊர் எல்லையில் ஒரு மாமரம். அதன் கிளையில் இலைகளைச் சேர்த்துத் தைத்த மாதிரி ஒரு கூடு. மூப்பர் பரவசமாகிவிட்டார். "தம்பி, தையல்சிட்டுக் கூடு! கர்த்தருடைய சிருஷ்டியப் பாரு!" என்று குடையின் வளைந்த பிடியை மாட்டிக் கிளையை இழுத்தார். அது சிட்டுக் கூடு இல்லை, செவ்வெறும்புக் கூடு. அப்படியே பிய்ந்து அவருடைய கழுத்துப் பட்டிக்குள் விழுந்தது.

மூப்பர் "ஹா!" என்று ஒரு சத்தம் போட்டார். தலைப்பாகை ஒரு பக்கம் பறந்தது, குடை ஒரு பக்கம் பறந்தது. உடம்பெல்லாம் உதறிக்கொண்டு குதிகுதியென்று குதித்தார். விறகுக் கட்டோடு வந்துகொண்டிருந்த மலைக்காரப் பெண்கள் அதைப் பார்த்ததும் கட்டுகளைப் போட்டுவிட்டுக் குலவையிட்டார்கள். ஊரே ஓடிவந்தது. கற்பூரம் வந்தது, வேப்பிலை வந்தது, ஒரு குடம் மஞ்சள் தண்ணீரும் வந்தது. ஊர்ப் பெரியவர் கைகூப்பிக்கொண்டு, "சாமி, நீ யாரு? எந்த எல்லையிலேருந்து வந்துருக்க?" என்று கேட்டார்.

"ஆம்பூர்! ஆம்பூர்லேருந்து வர்றோம்! மலையேறணும்! மலையேறத்தான் வந்தோம்!" என்று மூப்பர் அலறினார்.

சாமி வந்து ஆடுகிறவர் 'மலையேறணும்' என்றால் சாமி புறப்படத் தயார் என்று அர்த்தம். அதற்கு அந்த ஊர் சம்மதிக்கவில்லை. "வந்ததும் வராததுமா மலையேறணும்னா எப்டி சாமி? வாக்கு சொல்லிட்டு அப்றம் மலையேறு" என்று சுற்றி நின்று வழி மறித்துக்கொண்டார்கள். மழை வருமா என்றார் ஒருவர். "வரும்! வரும்!" தொலைந்த எருமை கிடைக்குமா என்றாள் ஒருத்தி. "கெடைக்கும்! வுடுங்களேன்!" சபை மூப்பர் மூச்சிரைக்க வாக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போய் அவருடைய கோட்டுப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தேன். "எறும்பு, எறும்பு!" என்று கத்தினேன், குலவைச் சத்தத்தில் யார் காதில் விழுந்தது? இறுக்கமான பொத்தான்கள். எறும்புகள் என் கைகளையும் கடித்துக் குதறிவிட்டன. அப்போது எனக்கு எங்கிருந்துதான் அந்தத் துணிச்சல் வந்ததோ தெரியாது. பொத்தானைக் கழற்றிக்கொண்டே, ஊர் கேட்கும்படி, "சாமி! தோல் ஷாப்புல வேலை செய்றவனுக்குப் பொண்ணு குடுக்கலாமா, கூடாதா?" என்று கேட்டேன்.

அந்த ஆட்டத்திலும் மூப்பர் என்னை ஒரு முறை முறைத்தார். ஊர்ப் பெரியவர், "புள்ள ஆசயா கேக்குது, சொல்லு சாமி" என்றார். அந்த நேரம் பார்த்து ஒரு எறும்பு சொல்லக்கூடாத இடத்தில் கடித்திருக்க வேண்டும்.

"குடுக்கலாம்! குடுக்கலாம்! குடுத்துத் தொலைக்கலாம்!"

கோட்டு கையோடு வந்தது. குடத்துத் தண்ணீரை அவர் தலையில் கவிழ்த்தார்கள். எறும்புகள் போயின, ஆட்டம் நின்றது. சாமி மலையேறிவிட்டது என்று ஊர் விழுந்து கும்பிட்டது. மூப்பர் மஞ்சள் சொட்டச் சொட்ட நின்றார். அன்று ராத்திரி கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் ராஜ உபசாரமாக வந்தன. அவர் சாப்பிட்டுவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிப் படுத்துவிட்டார்.

மறுநாள் இறங்கும்போதும் என்னைத் திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தார். வார்த்தையைப் பிடுங்கினால் ஆச்சா, மனசு வர வேண்டாமா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. அடிவாரம் தெரிந்ததும் அவர் நின்றார். முகமெல்லாம் தடிப்பு, கண்கள் வீங்கியிருந்தன.

"நேத்து நடந்தது சபைல ஒர்த்தருக்கும் தெரியக் கூடாது. நம்ம குடும்பத்துக்குள்ளயே இருக்கட்டும்."

தூக்கிவந்த மூட்டையைக் கீழே போட்டேன். "நம்ம குடும்பம்னா... யார் யார் ஐயா?" என்றேன்.

"நீ, நான், எம் பொண்ணு" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவகிட்டயும் சொல்லிடாத" என்றார்.

கல்யாணமான முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டேன்.