பிரேக் பிடித்தால் போகும் ஃப்யூஸ்

பைக் மெக்கானிக் கடைக்குச் சிரித்த முகத்தோடு வருகிறவர் யாருமில்லை. அதிலும் ஃப்யூஸ் போனவர் வேர்த்து விறுவிறுத்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார். நீங்களும் ஒருநாளாவது அப்படித் தள்ளியிருப்பீர்கள். சீட்டுக்குக் கீழே நகம் அளவு பிளாஸ்டிக் துண்டு, அதற்குள் ஒரு கம்பி. அது அறுந்தால் இந்தக்கால வண்டிகள் அப்படியே படுத்துவிடும். திருவொற்றியூரில் கடை போட்ட நாளிலிருந்து நான் சொல்லிச் சொல்லி அலுத்த விஷயம் ஒன்று உண்டு. ஃப்யூஸ் சும்மா போகாது, எங்கேயோ ஒயர் உரசுகிறது என்று அர்த்தம். யார் கேட்கிறார்கள்?

ஜிகினா வைத்தியம்

கண்டெய்னர் யார்டில் வேலை செய்யும் ஒருவர், சீட்டிலிருந்து புகை வருகிறது என்று ஓடிவந்தார். திறந்து பார்த்தால் ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் பெட்டி ஜிகினாத்தாள், நான்காக மடித்துச் செருகியிருக்கிறது. ஃப்யூஸ் என்றால் அறுந்து வண்டியைக் காப்பாற்றும். ஜிகினா அறுகிற ஜாதியா? பேட்டரியிலிருந்து கிளம்பும் ஒயர் அத்தனையும் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்தத் தாளை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். மனுஷர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பேப்பரு நல்லாத்தான் கீது. ஒயருதான் டூப்ளிகேட்டு."

கைநிறைய ஃப்யூஸ்

தேசிங்கு அண்ணன் மீன் வியாபாரி. விடிகாலையில் காசிமேட்டில் மீன் எடுத்து, வண்டிக்குப் பின்னால் இரும்புக் காரியரில் ஐஸ் பெட்டியை ஏற்றி, அத்திப்பட்டு வரைக்கும் வீடு வீடாக விற்பவர். அந்த வண்டிதான் அவருக்குக் கடை. என்னிடம் வந்தால் ஒரு ஃப்யூஸ் வாங்கமாட்டார், கைநிறைய வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

"இது மிட்டாயா அண்ணே? எங்கேயோ ஷார்ட் ஆகுது. வண்டியை விட்டுட்டுப் போங்க, பார்க்கிறேன்" என்றேன். அவர் பெட்டியிலிருந்து சொட்டும் ஐஸ் தண்ணீரைக் காட்டினார். "நான் வுட்டுட்டுப் போவேன் நைனா. இது வுடுமா?"

செருப்பு பிரேக்

ஒருநாள் கடைக்கு வந்த தேசிங்கு அண்ணன் இரண்டு செருப்பையும் தரையில் தேய்த்துத் தேய்த்து நிறுத்தினார். பிரேக் போய்விட்டதா என்று பதறிப்போய்க் கேட்டேன். பிரேக் நன்றாகத்தான் இருக்கிறதாம், பிடித்தால் ஃப்யூஸ் போய்விடுகிறதாம். அதனால் கியரைக் குறைத்து, காலைத் தேய்த்து ஓட்டப் பழகிவிட்டார். கண்டெய்னர் லாரிகள் மோதுவதுபோல் வரும் எண்ணூர் ரோட்டில்!

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. முன் பிரேக்கோ பின் பிரேக்கோ, எதைப் பிடித்தாலும் பின்னால் சிவப்பு விளக்குக்குக் கரண்டு போகும். அந்த ஒயர் காரியருக்கு அடியில் எங்கேயோ நசுங்கியிருக்க வேண்டும். காரியரின் போல்ட்டுகள் உப்புத்தண்ணீரில் துருவேறிப் பாறையாகக் கிடந்தன. கழற்றித் தேட அரை நாள் ஆகும் என்றேன். அவருக்கு அரை நாள் இல்லை. சரி, அந்த விளக்கு ஒயரை மட்டும் பிடுங்கிவிடுகிறேன், பிரேக்கையாவது பிடியுங்கள் என்று கெஞ்சினேன். அதற்கும் தலையாட்டவில்லை. "லைட்டு எரிலன்னா போலீஸ்காரரு புடிப்பாரு. பிரேக்கு புடிக்கலன்னா எவன் நைனா கேக்கப்போறான்?"

தடைக்காலம்

மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. எங்கள் பக்கத்து மீன்காரர்கள் வண்டியைப் பழுது பார்க்கக் கொண்டுவருவது அப்போதுதான். தேசிங்கு அண்ணனும் தடைக்காலத்தில் விடுகிறேன் என்று சத்தியம் செய்திருந்தார். தடையும் வந்தது, அவர் வரவில்லை. காசிமேட்டில் மீன் இல்லை என்று பழவேற்காடு ஏரி வரை போய்க் கடனுக்கு இறால் எடுத்து விற்றுக்கொண்டிருந்தார். ஓட்டம் முன்பைவிட அதிகம்.

ஒரு மத்தியானம் வெறும் கையோடு வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்தார். அத்திப்பட்டு போகும் வழியில், பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு குழந்தை ரோட்டுக்குக் குறுக்கே ஓடிவந்திருக்கிறது. வண்டி ஒரு முழம் தள்ளி நின்றுவிட்டது. ஃப்யூஸ் போயிருந்தது, பையிலும் தீர்ந்திருந்தது. வெயிலில் தள்ளிக்கொண்டு கடை தேடி அலைந்ததில் ஐஸ் உருகி இறால் அத்தனையும் நாறிவிட்டது. கடனை அடைக்க வண்டியை விற்றுவிட்டார். தகராறு பிடித்த வண்டி என்று அடிமாட்டு விலைக்குக் கேட்டார்களாம். அவர்தான் என்னைத் தேற்றுவதுபோலச் சொன்னார்: "கொயந்த நைனா. செருப்ப தேச்சிகினா இருக்க முடியும்?"

புது ஓனர்

வண்டியை வாங்கியவர் மணலியில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் ஓர் இளைஞர். அவருக்குக் காரியர் எதற்கு? வெல்டிங் கடையில் அறுத்துப் போட்டுவிட்டு, ஃப்யூஸ் போகிறது என்று என்னிடமே தள்ளிக்கொண்டு வந்தார். காரியர் இருந்த இடத்தில் நசுங்கிய ஒயர் பளிச்சென்று தெரிந்தது. ஒரு சாண் ஒயரை வெட்டி எறிந்து புதிதாகச் சேர்த்து டேப் சுற்றினேன். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அன்று பார்த்து தேசிங்கு அண்ணன் ஷேர் ஆட்டோவிலிருந்து மீன் கூடையோடு இறங்கினார். தன் பழைய வண்டியைக் கண்டதும் கூடையை வைத்துவிட்டு வந்து, காலால் பிரேக்கை அழுத்தினார். பின்னால் விளக்கு சிவப்பாக எரிந்தது. மறுபடி அழுத்தினார், மறுபடி எரிந்தது. என்ன செய்தாய் என்று கேட்டார். வெட்டிப்போட்ட ஒயர் துண்டை எடுத்துக் காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்தார். "அவ்ளோதானா நைனா?"

ஃப்யூஸ் எந்தக் கடையில் கேட்டாலும் கிடைக்கிறது. வண்டியை அரை நாள் நிறுத்திவைக்கும் வசதிதான் எங்கள் பக்கத்தில் எந்தக் கடையிலும் ஸ்டாக் இல்லை.