இரண்டு புள்ளி ஐந்து ஐந்து

அதிகாரி முத்திரை குத்திவிட்டால் தப்புக் கணக்கு சரியாகிவிடுமா? ஆகாது என்றுதான் நீங்களும் சொல்வீர்கள். அந்த முத்திரைக்கு எதிரே போய் நின்று சொல்லியிருக்கிறீர்களா?

டியூப் அக்கா போய் நின்று சொன்னார். கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் பதினான்கு ஆண்டுகளாக வாயுக் குழாய் விளக்குகளைத் துடைத்து, மாட்டி, கழற்றி வைப்பவர்; அதனால் வந்த பெயர். பள்ளியோடு நின்றுபோன படிப்பை முப்பத்தாறு வயதில் அதே கல்லூரியின் அஞ்சல்வழிப் பட்டத்தில் தொடர்ந்தார். "நம்ம வீட்டு டியூப்லைட் இப்பதான் எரிய ஆரம்பிச்சிருக்கு" என்று கணவர் கிண்டலடித்தார். தேர்வு மாதங்களில் சமையல் அவர் பொறுப்பு; உப்பு மட்டும் யார் பொறுப்பிலும் இல்லை.

கடைசித் தாளில் இரண்டு மதிப்பெண் குறைந்து தோல்வி. விடைத்தாள் நகலை வாங்கிப் பார்த்தார். நான்கு மதிப்பெண் கேள்வி ஒன்றுக்குச் சுழியம் போட்டிருந்தது. ஹைட்ரஜன் அணுவில் எலக்ட்ரான் நான்காம் மட்டத்திலிருந்து இரண்டாம் மட்டத்துக்கு இறங்கினால் வெளிவரும் ஆற்றல் எவ்வளவு? 13.6-ஐ மட்ட எண்ணின் இருமடியால் வகுக்க வேண்டும். இரண்டுக்கு 3.4, நான்குக்கு 0.85, கழித்தால் 2.55 எலக்ட்ரான் வோல்ட். அக்கா அதைத்தான் எழுதியிருந்தார். விடைக்குறிப்பு தயாரித்தவரோ இருமடியை மறந்து, வெறும் இரண்டாலும் நான்காலும் வகுத்துக் கழித்து, 3.4 என்று போட்டிருந்தார்.

தேர்வு அலுவலகம் ஆய்வகம் இருக்கும் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில். அலுவலர் கோப்பிலிருந்து தலை தூக்கவில்லை. பேராசிரியர் போட்ட குறிப்பைக் குழாய் துடைப்பவர் திருத்துவதா என்றார். மாடிக்கு வந்து ஒரே ஒரு தடவை பாருங்கள் என்று அக்கா மூன்று நாள் அவர் வாசலில் நின்றார். தொல்லை ஒழியட்டும் என்று நான்காம் நாள் அவர் படியேறினார்.

அக்கா திரைச்சீலையை இழுத்துவிட்டு ஹைட்ரஜன் குழாயை எரியவிட்டார். வெளிச்சத்தை நிறக் கோடுகளாகப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ரோமீட்டரை அலுவலர் பக்கம் திருப்பினார்.

"சிவப்பைத் தாண்டி, பச்சை கலந்த நீலமா ஒரு கோடு தெரியுதா சார்?"

"தெரியுது."

"நாலுலேருந்து ரெண்டுக்கு இறங்குறப்ப வர்ற வெளிச்சம் அதுதான். உங்க குறிப்புல இருக்கற 3.4ன்னா அது புற ஊதா. கண்ணுக்கே தெரியக்கூடாது. இப்ப உங்க கண்ணு தப்பா, குறிப்பு தப்பா?"

அலுவலர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கு மட்டும் நாலு மார்க் போட்டுடறேம்மா. விஷயம் இத்தோட முடியட்டும்."

பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அக்கா குழாயை அணைத்தார்.

"சரியா எழுதின எல்லாருக்கும் போடுங்க. இல்லேன்னா எனக்கும் வேண்டாம்."

மனு கொடுத்தவர்களுக்குத்தான் மறுமதிப்பீடு, மற்றவர்கள் கேட்கவில்லையே என்றார் அவர். எப்படிக் கேட்பார்கள்? தங்களுக்கு அநீதி நடந்ததே அவர்களுக்குத் தெரியாது. படித்த பெரியவர்கள் போட்ட சுழியம், நம் மண்டைதான் மட்டம் என்று நொந்துகொண்டு, மறுபடி அதே பாடத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். வேலை முடிந்ததும் அக்கா வீடு வீடாகப் போய் அவர்களைத் தேடுகிறார். இதுவரை பதினொரு பேர் மனு எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். மனுவுக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

அந்தத் தாளை எழுதியவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், 2.55 என்று எழுதினாயா என்று இன்றே கேளுங்கள். ஆமாம் என்றால் கையோடு தேர்வு அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் மனு எழுத வையுங்கள்.