இரண்டு கிராமச் சாப்பாடுகளும் ஒரு கரண்டிக் குழம்பும்

பாரிசிலிருந்து ஓரிரு நாளில் போய்வரக்கூடிய சிற்றூர்களைப் பற்றித்தான் இந்தப் பக்கத்தில் எழுதிவருகிறேன். அக்டோபர் கடைசி வாரத்தில் பூர்கோஞ் பகுதிக்குப் போனதற்கு வேறு காரணம் இருந்தது. என் தம்பி சுதன் அங்கே ஒரு கிராமத்து உணவகத்தைக் குத்தகைக்கு எடுக்க விரும்பினான். அறுநூறு பேர் வாழும் ஊர், வேறு சாப்பாட்டுக் கடை இல்லை. அதை நடத்திவந்த மதாம் கொலெத்துக்கு அறுபத்தெட்டு வயது. கட்டடம் ஊர் நகரசபைக்குச் சொந்தம். மதாம் கைகாட்டுபவருக்கே குத்தகை எழுதுவதாக மேயர் சொல்லிவிட்டார். அதற்கு முன் ஒரு வியாழக்கிழமை மதியச் சமையலைத் தம்பி தனியாகச் செய்துகாட்ட வேண்டும். காகிதங்களை வாசித்துச் சொல்ல நான் கூடப் போனேன். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று தம்பி கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

எனக்கு இந்தத் திட்டத்தில் நம்பிக்கை இருக்கவில்லை. தம்பி பாத்திரம் கழுவுவதில் தொடங்கி, இருபத்திரண்டு ஆண்டுகளில் பாரிஸ் உணவகம் ஒன்றின் இரண்டாவது சமையற்காரராக வந்தவன். நிரந்தர வேலை. பாரிசுக்கு வெளியே வில்லியே லே பெல்லில் வீடு, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். அதையெல்லாம் விட்டு ஒரு சிற்றூருக்குப் போவதில் என்ன நியாயம் என்று கேட்டிருந்தேன். "ஒருக்கால் என்ர அடுப்பிலை நிண்டு பாக்கவேணும், அக்கா" என்பதுதான் அவன் பதில்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு, பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் என்னை ஏற்றிக்கொண்டான். வழக்கமான கடையில் இரண்டு தேநீர், இரண்டு ரோல்ஸ், ஏழு யூரோ. கடைக்காரருக்குச் செய்தி ஏற்கெனவே போயிருந்தது.

"என்னடாப்பா, பிரெஞ்சுக்காரனுக்குப் பிரெஞ்சுச் சாப்பாடு காட்டப் போறியாம்?"

"ஓம் அண்ணை. நீங்கள் தமிழருக்குப் புட்டெண்டு ஒண்டைக் குடுக்கிறியள்தானே, அந்தத் துணிவிலைதான் போறன்."

"போ, போ. ஆறு மாசத்திலை இஞ்சைதான் வந்து நிப்பாய். உனக்கு ஒரு ஏப்ரன் எடுத்து வைக்கிறன்."

நெடுஞ்சாலை வழியாக ஏறக்குறைய 190 கிலோமீற்றர். சுங்கம் ஒரு பக்கத்துக்குப் பதின்மூன்று யூரோவுக்குச் சற்றுக் குறைவு. வழியில் ஒரு சந்தையில் காய்கறி விலை பார்க்கவேண்டும் என்று தம்பி ஒன்றரை மணிநேரம் நின்றான். வழியிலுள்ள வேறொரு கிராமத்தின் உணவகத்துக்குள் 12.10-க்கு நுழைந்தபோது பாதி மேசைகள் நிறைந்திருந்தன. வீதி வேலை செய்பவர்கள், பாரவண்டிச் சாரதிகள், தனியாக வந்த இரண்டு முதியவர்கள். மேசையில் காகித விரிப்பு. உணவுப் பட்டியல் சுவரில், சோக்கில் எழுதியிருந்தது. முதல் தட்டை நாமே எடுத்துக்கொள்ளலாம். பிறகு ஒரு முக்கிய உணவு, பாற்கட்டி, இனிப்பு, கால் லீற்றர் வைன். எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 15.50 யூரோ. பாணும் தண்ணீரும் கேட்காமலே வரும், அவற்றுக்குக் காசில்லை. அன்று கோழி அல்லது மாட்டுக் கன்னத்து இறைச்சி. தம்பி கோழி என்றான். நானும் கோழி என்றேன்.

1.40-க்கு ஒரு சோடி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தது. பரிமாறிய பெண் தலையை மட்டும் ஆட்டினார். அடுப்பு அணைந்துவிட்டது. அவர்கள் வாதாடவில்லை, போய்விட்டார்கள்.

வைனில் வேகவைத்த மாட்டிறைச்சிதான் மதாம் கொலெத்தின் வியாழக்கிழமைச் சாப்பாடு. அதற்கென்றே பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆட்கள் வருவார்களாம். தம்பி மாடும் பன்றியும் வாயில் வைக்கமாட்டான். இரண்டையும் இருபத்திரண்டு ஆண்டுகளாக வெட்டி, வதக்கி, வேகவைத்து வருகிறான்.

"மதாமுக்கு இது தெரியுமோ?"

"கேக்கேல்லை. சொல்லேல்லை."

"அப்ப ருசி?"

"மணம் சொல்லும். இறைச்சி வெந்ததைக் கை சொல்லும். உப்பு தராசிலை, கிலோவுக்கு இத்தினை கிராம் எண்டு. கடைசியிலை பக்கத்து அடுப்புப் போர்த்துக்கேயன் ஒரு கரண்டி எடுத்துப் பாப்பான்."

"இஞ்சை போர்த்துக்கேயன் இல்லையே, தம்பி. ஒரு கரண்டி குடிச்சால் என்ன? சாமி கோவிக்குமோ?"

அவன் சிரிக்கவில்லை. "சாமிக்கில்லை, அக்கா. இந்த நாட்டிலை எல்லாத்தையும் மாத்தியாச்சு. அவங்கட வாய்க்கு வரட்டுமெண்டு பேரையும் சுருக்கிக் குடுத்தாச்சு. இது ஒண்டு கிடக்கட்டும்."

உப்புக்கு மணமில்லை என்பது மட்டும் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

இரவு ஒரு பண்ணை வீட்டில் தங்கினோம். இரண்டு அறைகள், காலை உணவுடன் 124 யூரோ. குளிர் கடுமை. வெப்பமூட்டி ஒன்பது மணிக்குப் பிறகுதான் வேலை செய்தது.

வியாழன் காலை 7.30-க்குத் தம்பி சமையலறைக்குள் போனான். ஆறு கிலோ இறைச்சியை மதாம் முதல் நாள் மாலையே வைனில் ஊறப்போட்டிருந்தார். இருபத்தெட்டுப் பேருக்குச் சமையல். நான் சாப்பாட்டறை மூலையில் குத்தகைப் பத்திரத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். தட்டுகளைக் கொடுக்கும் சாளரம் வழியாகச் சமையலறை தெரிந்தது. மதாம் உதவவில்லை, கைகட்டி நின்று பார்த்தார். பத்தொன்பது ஆண்டுகளாக அங்கே பரிமாறும் ஜோசியான் முட்கரண்டிகளைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். பத்தரைக்கு வந்த வாசனையில் என் சந்தேகம் கொஞ்சம் தளர்ந்தது என்பதையும் சொல்லவேண்டும்.

11.25-க்கு மதாம் ஒரு கரண்டியை எடுத்துத் தம்பியிடம் நீட்டினார்.

"ருசி பார்த்துச் சொல்லுங்கள், தயாரா?"

தம்பி மூடியைத் திறந்து முகர்ந்தான். "இன்னும் பத்து நிமிடம், மதாம். திறந்தபடி."

"மணம் என் மூக்குக்கும் தெரிகிறது. ருசியைக் கேட்டேன்."

"நான் மாடு சாப்பிடுவதில்லை, மதாம்."

ஜோசியானின் கை நின்றது. மதாம் கரண்டியோடு என் மேசைக்கு வந்தார். கோபத்தைவிட ஏமாற்றம்தான் அவர் முகத்தில் இருந்தது. "இருபத்தெட்டுப் பேர் உள்ளே வரப்போகிறார்கள். தன் சட்டியை ருசி பார்க்காதவரிடம் இந்த ஊரை எப்படிக் கொடுப்பேன்?"

வியாழக்கிழமையில் கோழியையோ மீனையோ சமைத்தால் போதாதா என்று கேட்டேன். மதாம் பதில் சொல்லுமுன் சாளரத்துக்குள்ளிருந்து தம்பியின் குரல் தமிழில் வந்தது.

"அப்பிடிக் கேக்காதேங்கோ, அக்கா. இதுக்கெண்டு வாற சனம். என்ர வசதிக்கு அவையின்ர சாப்பாட்டை நிப்பாட்டேலாது."

அதை நான் பிரெஞ்சில் சொன்னேன். மதாம் சாளரத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கரண்டி அவர் கையிலேயே இருந்தது.

என் வேலையிடத்து உணவுச்சாலையில் பதினெட்டு ஆண்டுகளாக மாட்டிறைச்சி சாப்பிடுகிறேன். குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. பெரிய காரணம் ஒன்றுமில்லை. கேள்விகளைத் தவிர்ப்பது எனக்குப் பழக்கம். எழுந்து மதாமின் கையிலிருந்து கரண்டியை வாங்கினேன். சமையலறைக்குள் போய்ச் சட்டியில் தோய்த்து வாயில் வைத்தேன். தம்பி என்னைப் பார்த்தபடி நின்றான்.

உப்பு அதிகம். கொஞ்சநஞ்சமல்ல, நாக்கு சுருங்கும் அளவுக்கு. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்ற எண்ணம் வந்ததை மறைக்க விரும்பவில்லை. மதாம் அடுத்த கரண்டியை எடுக்கும் வரைதான் அந்தப் பொய் நிற்கும். நான் உண்மையைச் சொன்னது நேர்மையாலா அதனாலா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

"உப்புக் கூடிப்போச்சு, தம்பி. நல்லாக் கூட."

அவன் ஒரு கணம்தான் யோசித்தான். "குழம்பிலை போட்ட பண்டிக் கொழுப்பு. அங்கை பைக்கற்றிலை வாறது. இது இஞ்சத்தைய இறைச்சிக்கடையின்ர, உப்புக் கூடப் போட்டு ஊறவைச்சது. நான் பழைய கணக்கிலை போட்டிட்டன்."

மதாமும் ஒரு கரண்டி எடுத்துப் பார்த்தார். பெரிய பானையில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தார். காலையிலிருந்து அன்று அவர் செய்த முதல் வேலை அது. தம்பி குழம்பில் பாதியை வடித்து ஒதுக்கினான். உப்பில்லாத தண்ணீரில் கரட்டும் வெங்காயமும் தனியே வேகவைத்து, அந்தச் சாற்றோடு சட்டியில் சேர்த்தான். உருளைக்கிழங்கு உப்பே இல்லாமல் வெந்தது. என்னை மூன்று தடவை கூப்பிட்டான், மூன்று தடவையும் கரண்டியோடு போனேன். "இப்ப?" "கூட." "இப்ப?" "கொஞ்சம் கூட." "இப்ப?" "சரி." முதல் தட்டு 12.20-க்கு வெளியே போனது, இருபது நிமிடம் தாமதம். முணுமுணுப்பு இருந்தது. பச்சைச் சட்டை போட்ட ஒரு முதியவர் தாமதத்துக்கு ஈடாக இன்னொரு குவளை வைன் கேட்டு வாங்கினார். தட்டுகள் வெறுமையாகத் திரும்பின, இரண்டைத் தவிர.

மூன்று மணிக்கு மதாம் எங்களோடு உட்கார்ந்தார். "உங்களுக்கு முன் மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரும் ருசி பார்த்தார்கள். ஒருவரும் ஆறு மாதம் நிற்கவில்லை, நான்தான் திரும்ப அடுப்புக்கு வந்தேன்." பிறகு ஜோசியானைக் காட்டினார். "இவள் பதினொரு மணிக்கே இந்தச் சட்டியிலிருந்து சாப்பிடுவாள். வியாழக்கிழமைகளில் இவள் சொல்வதைக் கேட்பீர்களா?"

தம்பி முதலில் ஜோசியானிடம் கேட்டான், உண்மையைச் சொல்வீர்களா என்று.

"என் கணவருக்கே சொல்கிறேன், ஐயா" என்றார் அவர்.

அன்று மாலையே மதாம் மேயருக்குத் தொலைபேசினார். குத்தகை சனவரியிலிருந்து.

திரும்பும் வழியில் தம்பி வண்டியை ஓட்டினான். மாட்டிறைச்சிக்காகத் திட்டுவான் என்று எதிர்பார்த்திருந்தேன்.

"எவ்வளவு காலமா, அக்கா?"

"பதினெட்டு வருசம்."

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்." சற்றுத் தூரம் போனபின் தொடர்ந்தான். "நான் செய்யிறது எப்பிடியிருக்குமெண்டு எனக்குத் தெரியாது. அவங்கள் நல்லாயிருக்கெண்டுதான் சொல்லுவாங்கள். அது என்ன நல்லது? எங்கட ஆள் ஒராள் தமிழிலை சொல்லிக் கேக்கவேணும் எண்டு எத்தினை நாள் நினைச்சிருப்பன். சொல்லுங்கோ, எப்பிடி இருந்தது?"

முயன்றேன். ஆட்டிறைச்சிப் பிரட்டல் போல் இல்லை என்றேன். உறைப்பு இல்லாததால் நாக்கு எதையோ தேடும், பிறகு ஒரு மெல்லிய புளிப்பு வரும், பழப்புளியல்ல, கடைசியில் தொண்டையில் கொஞ்சம் இனிப்பு நிற்கும், வெங்காயத்தினுடையது. அவன் வீதியைப் பார்த்தபடி, "பிறகு?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். சுங்கச் சாவடி வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

இத்தகைய உணவகங்களுக்குப் போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். பன்னிரண்டரைக்குள் உள்ளே இருங்கள், ஒன்றரைக்குப் பிறகு நம்பிக்கை வேண்டாம். திங்களன்று பல இடங்கள் மூடியிருக்கும், முதல் நாளே தொலைபேசுங்கள். ஒருவருக்கு 15 முதல் 19 யூரோ வரை வையுங்கள், சில இடங்களில் வங்கி அட்டை எடுபடாது. எதைச் சாப்பிடமாட்டீர்கள் என்பதை உட்காரும்போதே சொல்லுங்கள். முட்டைப் பொரியலாவது செய்து தருவார்கள், முகம் சுளிப்பவரை நான் இதுவரை பார்க்கவில்லை. சாப்பாடு முடிந்ததும் சமையற்காரர் வெளியே வந்து எப்படி இருந்தது என்று கேட்பார். நன்றாக இருந்தது என்று எல்லோரையும் போலச் சொல்லிவிட்டு எழும்பாதீர்கள். உப்பு எப்படி, புளிப்பு எப்படி, எது கடைசியில் நாக்கில் நின்றது என்று சொல்லுங்கள். அவர் அதைச் சாப்பிட்டுப் பார்க்காதவராக இருக்கலாம்.