லேப்டாப்புக்கு நெற்றி எங்கே?

போன செவ்வாய்க்கிழமை அரசாங்கத்தின் கண்ணிலேயே சந்தனத்தை அப்பிவிட்டேன். சிரிக்காதீர்கள்... முழுசாகக் கேளுங்கள்!

என் மகள் வித்யாவும், அவளோடு படித்த சுபோ என்கிற வங்காளிப் பையனும் எங்கள் பவானிபூர் வீட்டு ஹாலிலேயே ஒரு கம்பெனி நடத்துகிறார்கள். ஹவுரா பட்டறைகளில் ஓடும் மெஷின்களின் சத்தத்தைக் கேட்டு, 'இது சீக்கிரம் ரிப்பேர் ஆகப் போகிறது' என்று முன்னாலேயே சொல்லும் ஏ.ஐ. அதைப் பழக்குவதற்கு ராட்சச கம்ப்யூட்டர் வேண்டுமாம். வாடகை கொடுத்து மாளாது. ஏ.ஐ. செய்கிறவர்களுக்கு அரசாங்கம் உதவுகிறது என்று தெரிந்து விண்ணப்பம் போட்டார்கள். அன்றைக்கு டெல்லி அதிகாரிகளோடு வீடியோவில் நேர்காணல். கிடைக்காவிட்டால்? கம்பெனிக்குப் பூட்டு. அவள் பெங்களூருக்கு வேலைக்குப் போக வேண்டியதுதான்.

பெற்றவளால் சும்மா இருக்க முடியுமா? பத்தாவது தாண்டாத எனக்குத் தெரிந்த டெக்னாலஜி ஒன்றே ஒன்று — பிள்ளையார். விளக்கேற்றினேன், தேங்காய் உடைத்தேன். இரண்டு பேரும் காபி குடிக்கப் போன சமயத்தில் லேப்டாப்புக்கும் பொட்டு வைத்தேன். மேலே நட்டநடுவில் சின்னதாக ஒரு வட்டம்... பொட்டுக்கென்றே விட்ட இடம் மாதிரி! சந்தனம், அதன்மேல் குங்குமம். கண்ணே பட்டுவிடும் போல இருந்தது.

நேர்காணல் தொடங்கியது. ஒரு அம்மாள் குரல், ஆங்கிலத்தில்: "கேமராவை ஆன் பண்ணுங்க. முகம் தெரியலேன்னா பேட்டி கிடையாது."

"ஆன்லதான் மேடம் இருக்கு!" வித்யா பட்டன்களை மாறி மாறித் தட்டினாள்.

"இங்கே ஒரே இருட்டா இருக்கே?"

சுபோ குனிந்து பார்த்தான். எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டு வளர்ந்த தமிழ் அவனுடையது. என்னைச் சித்தி முறையில் 'மாஷிமா' என்றுதான் கூப்பிடுவான். "மாஷிமா! கேமரா மேலே பொட்டு!"

ஓடினேன். புடவைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தேன். டெல்லிக்குக் கிடைத்த முதல் தரிசனம் — ஸ்க்ரீன் நிறைய என் மூக்கு!

"அம்மா, தயவுசெஞ்சு உள்ளே போ!" வித்யா பல்லைக் கடித்தாள்.

"இருங்க, இருங்க..." அந்த அம்மாள் ஹிந்திக்கு மாறிவிட்டார். "மெஷினுக்குப் பூஜையா, மாதாஜி?"

"ஆமா ஜீ. குழந்தைங்க ராப்பகலா பாடுபடறாங்க..."

"அப்போ எங்க கம்ப்யூட்டருக்கும் ஒண்ணு வெச்சு விடுங்க. காலையிலேர்ந்து ஹேங் ஆகுது!"

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. பிள்ளைகளுக்குப் பயம் போய்விட்டது. பிறகு பேசினார்களே ஒரு பேச்சு... சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட எனக்கு ஒன்றுமே புரியவில்லை. ஆனால் அழுதுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மெயில் வந்தது. கிடைத்துவிட்டது! சுபோ அவர்கள் ஊர் இனிப்பு, சந்தேஷ், வாங்க ஓடினான். நான் ஹாலில் ஒரு சுற்று ஆடியே விட்டேன் — இந்த முழங்காலோடு!

மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டேன். "பணம் எப்போடி வரும்?"

"பணமெல்லாம் தரமாட்டாங்கம்மா. அவங்க கம்ப்யூட்டர்ல எங்களுக்குன்னு கொஞ்சம் நேரம் ஒதுக்குவாங்க. அதுக்குள்ள நாங்கதான் உழைச்சுக்கணும்."

"நேரமா? வெறும் நேரம்தானா?"

கேட்டுவிட்டு, நானே வாயைப் பொத்திக்கொண்டேன். இத்தனை வருஷமாக நான் கும்பிடுகிற சுவாமியும் எனக்கு அதைத்தானே தந்துகொண்டிருக்கிறார்!