வாய் திறக்கக் கூடாத அரை மணி நேரம்

ஜூன் 12: விண்ணப்பம், 1,500.
ஜூலை 3: முதலாண்டுக் கட்டணம், 84,000.
அடுத்த ஜூலை 5: இரண்டாமாண்டுக் கட்டணம், 84,000.
மார்ச் 9: பிளாஸ்டர், இரண்டு மூட்டை, 1,100.
மார்ச் 14: மருத்துவமனை, தீக்காயப் பிரிவு, முன்பணம் 20,000.

முதல் நான்கையும் என் மருமகள் தன் சேமிப்பிலிருந்து கட்டினாள். ஐந்தாவதை நான் கட்டினேன். அன்று அவளால் பேனா பிடிக்க முடியவில்லை.

அவளுக்கு நாற்பத்தொரு வயது. பதினெட்டு ஆண்டுகள் ஒரு பல் ஆய்வகத்தில் பல்செட் செய்தவள். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, முகம் தெரியாத மனிதர்களின் வாய்களை வரிசையாக அடுக்கி வைப்பாள். அதை விட்டுவிட்டுக் கலைக் கல்லூரியில் முதுகலை படிக்கச் சேர்ந்தாள். ஓவியம், சிற்பம், ஒலி, நடிப்பு என்று எந்த ஒன்றிலும் அடங்காத வேலையைச் செய்து காட்டினால்தான் அங்கே பட்டம்.

"எனக்குப் பல்லு விழும்போது நான் யார்கிட்ட போறது?" என்றான் என் மகன்.

"வாயைக் குறைங்க, பல்லு தானா நிக்கும்" என்றாள்.

வீட்டில் இப்படிப் பேசுகிறவளுக்குக் கல்லூரியில் ஒரு விதி எமனாக வந்தது. மாணவர் தான் செய்ததை எல்லார் முன்னும் வைத்துவிட்டு அதன் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார வேண்டும். ஆசிரியர்களும் மற்ற மாணவர்களும் அதைப் பற்றிப் பேசுவார்கள்; இதற்குப் 'பார்வை' என்று பெயர். செய்தவர் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அந்தப் பார்வை செல்லாது. இறுதிப் பார்வை செல்லாமல் போனால் இன்னோர் ஆண்டு படிக்க நேரலாம். அதற்கு அவளிடம் பணம் இல்லை.

முதல் பார்வை முடிந்து வந்த அன்று சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"செத்தவங்களைச் சுத்தி உக்காந்து பேசற மாதிரி பேசறாங்க மாமா. கை கிடுகிடுன்னு நடுங்குது. எங்க வெச்சுக்கறதுன்னே தெரியல."

அந்த நடுக்கத்தையே இறுதி வேலையாக்கினாள். ஒரு பெரிய வாளி நிறைய பிளாஸ்டர் குழைத்து, இரண்டு கைகளையும் மணிக்கட்டுக்கு மேல்வரை உள்ளே விட்டு உட்காருவது. அவர்கள் பேசப் பேச அது இறுகும். கை நடுங்க முடியாது. பிறகு உடைத்து வெளியே எடுப்பது.

"சூடாகாதாம்மா?" என்று கேட்டேன்.

"சூடு வந்தாதான் மாமா இறுகுதுன்னு அர்த்தம். எத்தனை வருஷமா அந்தச் சூட்டை நம்பிப் பல்லு செஞ்சிருக்கேன்!"

அவள் செய்ததெல்லாம் கைப்பிடி அளவு. அந்தச் சூடு வெளியே ஓடிவிடும். வாளி நிறைய இருந்தால் அதற்குப் போக்கிடம் இல்லை என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மார்ச் 14 காலை, கல்லூரியில் வெள்ளைச் சுவர்கள் உள்ள ஒரு கூடம். வீட்டார் ஒருவர் வரலாம் என்றார்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்தேன். அவள் கைகளில் வாஸ்லின் தடவிக்கொண்டு, பிளாஸ்டர் குழைத்திருந்த வாளிக்குள் விட்டாள். விரல்களை விரித்து வைக்கப் போவதாக என்னிடம் சொல்லியிருந்தாள்.

பேச ஆரம்பித்தார்கள். முதலில் அவள் முகம் தெளிவாகத்தான் இருந்தது. பாதி நேரம் தாண்டியிருக்கும், நெற்றியில் வேர்வை பொட்டுப் பொட்டாக நின்றது.

"வேர்வையும் இதுல ஒரு பாகம்தான்" என்றார் தலைமைப் பேராசிரியை. "ரொம்ப நேர்மையா இருக்கு."

"அந்தப் பயத்தைப் பாருங்க மேடம். எவ்வளவு அடக்கமா காட்டறாங்க!" என்றான் ஒரு மாணவன்.

நான் அவள் கால்களைப் பார்த்தேன். செருப்பு கழன்று கிடந்தது. கால்விரல்கள் தரையைப் பிறாண்டிக்கொண்டிருந்தன. நான் குறுக்கிட்டால் இரண்டு வருடப் படிப்பு போய்விடும். குறுக்கிடாவிட்டால் என்ன போகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. அவள் என்னைத் தேடிப் பார்த்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

எழுந்துவிட்டேன். "அம்மா, போதும், கையை எடு!"

"வரல மாமா!" என்று அலறினாள். "வரல!"

கூடம் அப்படியே இருந்தது. ஒரு பெண் இன்னும் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள்.

"இது... வேலையில சேர்ந்ததா?" என்று மெதுவாகக் கேட்டார் பேராசிரியை.

"இல்லங்க! என் கை வேகுது!"

அதன் பிறகுதான் ஓடினார்கள். பட்டறைப் பொறுப்பாளர் உளியும் சுத்தியலும் கொண்டு வந்தார். பிளாஸ்டிக் வாளியைப் பிளந்து, கட்டியின் ஓரத்திலிருந்து தட்டத் தட்ட, ஒவ்வோர் அடியும் அவள் விரல்மேல் விழுமோ என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். "அண்ணே, பாத்து! அண்ணே, சீக்கிரம்!" என்று அவள் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

விரல்கள் பத்தும் தப்பின. இடது கையில் மட்டும் இரண்டு விரல் நுனிகளில் உணர்ச்சி திரும்பவில்லை. பல்செட் வேலைக்கு இனி அந்தக் கை போதாது; பட்டமாவது கிடைக்க வேண்டும்.

பார்வை செல்லாது என்று கல்லூரி எழுதியது. ஒரே ஒரு முறை, மே 20 அன்று, மறுபடி காட்டலாம் என்றும் எழுதியது. கட்டுப் போட்ட கைகளோடு அவளால் புதிதாக எதுவும் செய்ய முடியாது. உடைந்த துண்டுகளைப் பொறுப்பாளர் எறியாமல் சாக்கில் கட்டி வைத்திருந்தார். அதைக் கேட்டு வாங்கினாள்.

"மறுபடி அங்க போய் உக்காரணுமாம்மா?" என்றேன்.

"பயமாத்தான் இருக்கு. வாங்க, கூட உக்காருங்க."

மே 20 அன்று அதே கூடத்தில், அவள் சொன்ன இடத்தில் நான் துண்டுகளைப் பொருத்தி மேசைமேல் வைத்தேன். உள்ளே அவள் கைகளின் பள்ளம் தெரிந்தது. விரித்து வைத்த விரல்கள் அதில் இல்லை. இறுகுவதற்குள் அவளை அறியாமல் மடங்கி, ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்திருந்தன. பக்கத்தில் அவள் கட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவை நடுங்கின. மறைக்கவில்லை. அன்று குறிப்பு எழுதிய பெண் இந்த முறை பேனாவை மூடி வைத்தாள்.

பிறகு தினமும் தபால்காரரின் வண்டிச் சத்தம் கேட்டால் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கல்லூரிக் கடிதத்தை நான்தான் பிரித்தேன். தேர்ச்சி என்று கதவுக்கு வெளியே நின்று இரண்டு முறை படித்த பிறகே தாழ்ப்பாள் விலகியது.

கடிதம் வந்தது ஜூன் 3, திங்கட்கிழமை.