முனிக்கு நேர்ந்த சேவல்

இரத்தினபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கடையில் தவிட்டு மூட்டையை அவிழ்த்தார்கள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும், இப்போது ரப்பர் கன்றுகள் நிற்கும் மேட்டில் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயம் மறுபடி எழுந்துவிட்டது, பின்பக்கச் சாக்கடைக் கானும், தகரம் போட்ட கோழிக்கூடும், அம்மா விடியற்காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குக் கிளம்புமுன் கஞ்சித்தண்ணியில் தவிடு பிசைந்து வைக்கும் நசுங்கிய தட்டுமாக.

லயத்துக் கோழிகள் எல்லாம் ஒன்றாகவே மேயும் என்பதால், ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் கோழியின் காலில் பழைய சேலைத் துணியைக் கிழித்துக் கட்டிவிடுவார்கள், எங்களுடையது ஊதா. ஒரு மழைக்காலத்தில் எங்கள் கோழிகள் வெள்ளையாகக் கழிந்து, கழுத்தைத் தொங்கப்போட்டு நின்றன. அம்மா சேவலின் ஊதாவை அவிழ்த்துவிட்டு மஞ்சள் துணி கட்டினாள். கோழிகள் பிழைத்தால் சேவலைத் தருவதாக முனியாண்டிக்கு நேர்ந்துகொண்டாள். டவுனில் மருந்து வாங்கி வருவதாக அப்பா சொன்னார்.

"சாமிக்கு நேந்தாச்சுங்க. இனி மருந்து குடுத்தா நம்பாத மாதிரி ஆயிரும்" என்றாள்.

ஒவ்வொன்றாக எல்லாக் கோழிகளும் செத்தன. அப்பா தேயிலைக்கு நடுவே குழி வெட்டிப் புதைத்தார். சேவலுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

"சாமி அதோட சேவல காப்பாத்திக்கிருச்சு. நம்ம கோழிய நாமதான் பாத்திருக்கணும்" என்றாள் அம்மா, கூட்டைக் கழுவிக்கொண்டே.

முனியாண்டி பூசையில் கொடுக்கும் வரைக்கும் சேவல் எங்களோடுதான் இருந்தது. தவிடு வைத்தால் உடனே தின்னாது. தட்டுப் பக்கத்தில் ஒதுங்கி நின்று, கொக் கொக்கென்று பெட்டைகளைக் கூப்பிடும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தனியாகத் தின்னும்.