உப்பில் நின்ற குதிரை

என் கையெழுத்தில் இருந்த தாளை அவர் நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்ட விதம் இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது. முழுசாகப் படிக்கவில்லை. மேலிருந்து கீழே ஒரு பார்வை, உதட்டோரம் ஒரு சிரிப்பு, அப்புறம் மடிப்பு. "பாப்போம்லே" என்றார், அவ்வளவுதான். அந்த மனிதரைப் பற்றி நல்லதாக ஏதாவது எழுதுங்கள் என்று யாராவது கேட்டால், காகிதம் மடிக்க அவருக்கு நன்றாக வரும் என்று எழுதுவேன். வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை.

தூத்துக்குடியில் நாங்கள் இருந்த பக்கத்து வாசகர் மன்றத்துக்கு அவர்தான் செயலாளர். கப்பல் ஏஜென்சி ஒன்றில் தலைமைக் குமாஸ்தா. எழுபதுகளில், புதுத் துறைமுகத்துக்குக் கல் கொட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. மன்றம் ஒரு மாடியறை. இரண்டு அலமாரிப் புத்தகம், ஒரு நீள மேசை. ஒரு மாதம் புத்தகத்தைப் பற்றிப் பேசுவார்கள், மறு மாதம் சினிமாவைப் பற்றி. நான் பழைய துறைமுகத்தில் மூட்டை தூக்கி, பிறகு மூட்டையில் எழுதிய மார்க்கைப் பார்த்துப் பிரித்து அடுக்கும் வேலைக்கு வந்திருந்தேன். ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். இன்றைக்கு இந்த ஊரில் சரக்கு அடுக்கி வைக்க எனக்கு மூன்று கிட்டங்கி இருக்கிறது, லாரிகள் ஓடுகின்றன. யார் கையையும் பிடித்து நான் மேலே வரவில்லை. படிப்பிலும் அப்படித்தான். இதைப் படி, அதைப் பார் என்று எனக்கு ஒருத்தரும் சொன்னதில்லை. நானே கண்டுபிடித்தேன்.

கண்டுபிடித்த இடம் பழைய பேப்பர் கடை. அட்டையைத் தனியாக வாங்க ஆள் வரும் என்று கடைக்காரர் புத்தகம் வந்ததும் அட்டையைப் பிய்த்துவிடுவார். அதோடு முன்பக்கம் பத்துப் பன்னிரண்டும் போய்விடும். என்ன புத்தகம், யார் எழுதியது, ஒன்றும் தெரியாது. அது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை. தோணியில் வரும்போது கடல்தண்ணீர் பட்டு மார்க்கு அழிந்த மூட்டைகளைத் தினமும் பார்க்கிறவன் நான். அப்படி ஒரு மூட்டை வந்தால் ஊசியால் குத்தி, உள்ளே இருப்பதைப் பார்த்து, நாங்களே ஒரு பேர் எழுதி ஓரமாக அடுக்குவோம். குத்துவது மூட்டையின் வயிற்றில். வாய்ப்பக்கம் எல்லாச் சரக்கும் நல்ல சரக்காகத்தான் இருக்கும். புத்தகத்தையும் அப்படியே நடுவில் பிரித்து மூன்று பக்கம் படிப்பேன். உள்ளே இழுத்தால் வாங்குவேன். பேரை நானே வைப்பேன். சினிமா என்றால், பார்த்துவிட்டு வருகிறவனைப் பிடித்து இடைவேளைக்கு அப்புறம் நடந்ததைச் சொல்லச் சொல்வேன். கோர்வையாகச் சொன்னான் என்றால் நான் டிக்கெட் எடுப்பேன். பாட்டை மட்டும் முனகினான் என்றால் வீட்டுக்குப் போய்விடுவேன்.

இந்த வழியில் நான் சேர்த்ததைப் போல அந்த மாடியில் ஒருத்தரும் சேர்த்திருக்க மாட்டார்கள். ஒரு மாட்டு வைத்தியப் புத்தகம். கன்று செத்துப் பிறந்தால் தாய்ப்பசுவை என்ன செய்ய வேண்டும் என்று அதில் இரண்டு பக்கம் வரும், படித்துவிட்டு அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசிப் பக்கங்கள் இல்லாத ஒரு கொலைக் கதை. கொலைகாரன் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, ஆனால் அந்தப் போலீஸ்காரன் வீட்டில் பெண்டாட்டியிடம் பேசாமல் சாப்பிடும் பக்கம் மனப்பாடம். ஒரு பேய்ப் படம். பேயைப் பார்த்துத் தியேட்டரே சிரித்தது. பேய் வருவதற்கு முன்னால் அந்தப் பெண் ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டு வருவாளே, அங்கே நான் முன்சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டேன். காலைக் காட்சியில் பாஷை புரியாத ஒரு படம், ஒரு கிழவனும் கிழவியும் சண்டை போட்டுக்கொண்டே ஒரு வீட்டைக் காலி செய்வார்கள், அவ்வளவுதான் கதை. பிறகு அந்தக் குதிரைப் புத்தகம். கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளைத் தரை, நடுவில் ஒரு குதிரை நகர மாட்டேன் என்று நிற்கும். சொந்தக்காரன் தன் கோட்டைக் கழற்றி அதன்மேல் போர்த்திவிட்டுப் பக்கத்திலேயே நிற்பான். அதற்கு 'உப்பில் நின்ற குதிரை' என்று பேர் வைத்தேன்.

இதையெல்லாம் பேச எனக்கு ஆள் இல்லை. துறைமுகத்தில் வாயைத் திறந்தால், "ஏலே, இவனுக்கு வெயில் தலைக்கு ஏறிட்டு" என்பார்கள். அந்த மாடியில் உட்கார்ந்து நானும் ஒரு நாள் பேச வேண்டும் என்பது எனக்கு வெறியாகவே இருந்தது. உறுப்பினராகச் சேர ஒரு நிபந்தனை உண்டு. தேர்ந்த பத்து புத்தகமோ படமோ, காரணத்தோடு எழுதித் தர வேண்டும். ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன். அந்தத் தாளைத்தான் அவர் மடித்து வைத்துக்கொண்டார்.

பதினைந்து நாள் கழித்துப் படியிலேயே நிறுத்திச் சொன்னார். "மாட்டு வைத்தியம், பேய்ப் படம்... இதெல்லாம் சரக்குலே, இலக்கியம் இல்ல. சரக்கு அங்கன கப்பல்ல கெடக்கட்டும். மாடிக்கு ஏத்தாத." கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். தாளைத் திருப்பிக் கேட்டேன். தொலைந்துவிட்டது என்றார்.

சில மாதம் கழித்து மன்றத்தின் ஆண்டு விழா. பொதுக்கூட்டம், யாரும் போகலாம். வாசலில் ஆளுக்கொரு ஆண்டு மலர் கொடுத்தார்கள். பிரித்தால், செயலாளர் படத்தோடு 'என் தேர்வில் பத்து' என்று ஒரு கட்டுரை. என்னுடைய பத்து, அதே வரிசையில்! காரணங்களுக்கு மட்டும் நல்ல தமிழில் வேட்டி சட்டை மாட்டியிருந்தார். ஏழாவதாக, 'உப்பில் நின்ற குதிரை: உப்பளத் தொழிலாளரின் கண்ணீருக்கு அந்தக் குதிரையே சாட்சி.' படித்ததும் எழுந்தேன். சைக்கிளை மிதித்து வீட்டுக்குப் போய் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். அவர் இன்னும் மேடையில் பேசிக்கொண்டிருந்தார்.

கேள்வி நேரத்தில் எழுந்து, "அண்ணாச்சி, அந்தக் குதிரைக் கதை எந்த ஊர்ல நடக்கு?" என்றேன்.

"நம்ம கடற்கரையிலதான். உனக்கு அதெல்லாம் எட்டாது. உக்காருலே."

"எனக்கு எட்டாதா? அந்தப் பேரை வச்சதே நான்தானே."

சபை கொல்லென்று சிரித்தது. "இவன் புத்தகத்துக்குக் காது குத்திப் பேர் வச்சவம்லே" என்று பின்னாலிருந்து ஒரு குரல். நான் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினேன். மன்றத்து உறுப்பினரான கல்லூரி ஆசிரியை ஒருவர் முன்வரிசையில் இருந்தார். அவர் எழுந்து அதை வாங்கி, நான் காட்டிய பக்கத்தைச் சத்தமில்லாமல் படித்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"இது உப்பு இல்லீங்களே. பனி. இது வெளிநாட்டுக் கதையோட மொழிபெயர்ப்பு. அங்கே வானத்துல இருந்து விழுந்து தரையெல்லாம் உறைஞ்சு கிடக்குமே, அந்தப் பனி."

எனக்குக் காது இரண்டும் சுட்டது. பனி என்ற வார்த்தையை நான் படிக்காமல் இல்லை. எங்களுக்குப் பனி என்றால் மார்கழிக் காலையில் சாக்கை ஈரமாக்குவது. பனி பெய்திருக்கிறது, தரை வெள்ளையாக இருக்கிறது என்று எழுதியிருந்தான். கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளையாக இருக்கிற தரை உப்பளம் இல்லாமல் வேறு என்னவாக இருக்க முடியும்? தூத்துக்குடிக்காரன் வேறு எப்படிப் படிப்பான்? இதைச் சொன்னதும் மறுபடி சிரிப்பு. போகிறது போ, புத்தகத்தை வாங்கிக்கொண்டு கிளம்பலாம் என்றுதான் நினைத்தேன்.

அந்த அம்மா உட்காரவில்லை. மேடைப் பக்கம் திரும்பினார். "சார், இவர் பனியைப் பார்த்ததில்லை, தப்பாப் புரிஞ்சுக்கிட்டார். சரி. அதே தப்பு உங்களுக்கு எப்படி வந்தது?"

என் ரசனையைத் தூக்கிக்கொண்டு போனவர் என் தப்பையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போயிருந்தார். அவர் சோடாவை எடுத்து ஒரு வாய் குடித்தார். மேல்துண்டால் வாயைத் துடைத்தார். "அது அச்சுப்பிழை" என்றார். இந்தப் பதிலை நினைத்து நான் எத்தனையோ முறை தனியாகச் சிரித்திருக்கிறேன், ஒரு முறைகூட மனசு ஆறிச் சிரித்ததில்லை.

என்னை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள். பல வருஷம் அந்த மேசையில் உட்கார்ந்து பேசினேன், பேய்ப் படத்தைப் பற்றியும்தான். செயலாளர் செயலாளராகவே இருந்தார். இந்த ஊரில் நல்ல சட்டை போட்டவனை நாற்காலியிலிருந்து அவ்வளவு சுலபத்தில் எழுப்பிவிட மாட்டார்கள். இன்றைக்குப் பார்க்க வேண்டிய பத்து, படிக்க வேண்டிய பத்து என்று என் பேரன் செல்போனில் காட்டும்போதெல்லாம், இதில் எந்தப் படுபாவி எவன் சட்டைப் பையிலிருந்து எடுத்தானோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றுகிறது.

ஒரே ஒரு தடவை அவர் அதைப் பற்றிப் பேசினார். டீக்கடையில் என் பக்கத்தில் வந்து நின்று, முகத்தைப் பார்க்காமல், "ஏலே, எங்கிட்ட தனியா வந்து சொல்லிருக்கலாம்லா?" என்றார்.

"நீங்க எங்கிட்ட தனியா வந்து கேட்டிருக்கலாம்லா?"

டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அந்த நாளில் என் புத்தகத்தை ஒருத்தர் கேட்டு வாங்கிப் படிப்பதற்கு நான் என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன். விழாவுக்கு அப்புறம் மன்றத்தில் எல்லோரும் அந்தக் குதிரைப் புத்தகத்தை மாற்றி மாற்றி வாங்கிப் படித்தார்கள். கட்டு விட்டுப்போய், நூல் கொண்டு தைத்து, மறுபடி கொடுத்தேன். பின்னாலிருந்து கேலி பேசியவன்கூட வாங்கிப் போய்க் கண் கலங்கி வந்தான். சாகிற வரைக்கும் அதைக் கேட்காதவர் அவர் ஒருத்தர்தான்.